பதினாறு நட்டு வைத்துத் தைத்த வெள்ளை கவுன்

சென்னை விமான நிலையத்தில் என் கைப்பை எக்ஸ்ரே பெட்டிக்குள் போனதும் பெல்ட் நின்றுவிட்டது. சீருடையில் இருந்த பெண் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேடம், இதுல வட்டம் வட்டமா என்ன இரும்பு?"

"நட்டும்மா. சைக்கிள் கடை நட்டு. பதினாறு."

பையைத் திறந்தார். உள்ளே இருந்தது கணுக்கால் வரை நீளும் ஒரு வெள்ளை கவுன். என் தம்பி மகளுக்கு ஞானஸ்நானம், தண்ணீரில் இறங்கும்போது துணி மிதந்து மேலே வந்து மானத்தை வாங்கக்கூடாதென்று கீழ் மடிப்பில் நட்டு வைத்துத் தைத்திருக்கிறேன் என்று விளக்கினேன். பின்னால் நின்ற வரிசை முழுவதும் காது கொடுத்துக் கேட்டது. அந்தப் பெண் மடிப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா தைச்சிருக்கீங்க மேடம்" என்று பையை மூடிக் கொடுத்தார். பயணத்தின் முதல் பாராட்டு. மனசு நிறைந்துபோயிற்று.

பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கலாமே என்பீர்கள். ஊறுகாய் தொலைந்தால் போகட்டும், அந்தக் கவுன் தொலையக்கூடாது.

நாமக்கல் பக்கம் எங்கள் ஊரில் இருப்பது ஒரு சின்ன பாப்டிஸ்ட் சபை. முப்பது குடும்பம்கூடத் தேறாது. எங்களில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. விவரம் தெரிந்த வயதில், அவரவராக வந்து கேட்க வேண்டும். கேட்டவர் சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று ஏன் கேட்கிறேன் என்று சொல்ல வேண்டும். பிறகு அவரை வெளியே அனுப்பிவிட்டு, சபையார் கை தூக்குவார்கள். கை எழுந்தால் ஊர் வாய்க்காலில் முழுக்கு, எழாவிட்டால் இன்னொரு நாள். அரசு மருத்துவமனையில் நர்ஸ் வேலை பார்த்த காலத்திலிருந்தே பெண்களை இதற்குத் தயார் செய்வது என் பொறுப்பு. கவுன் தைப்பேன். தைப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பேன்: "யாராச்சும் சொல்லி வந்தியா, நீயா வந்தியா?" பதிலில் தடுமாறினால் அளவெடுக்க மாட்டேன். இதில் எனக்குக் கறார் பேர்வழி என்ற பெயர் உண்டு.

என் தம்பி சாம் டெக்சஸில் இர்விங் என்ற ஊரில் இருக்கிறான். அவன் மகள் நிலா, அமெரிக்காவிலேயே பிறந்தவள், பதினைந்து வயது. அவளுக்குப் பதின்மூன்று முடிந்ததிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் போனில், "எப்ப கண்ணு எடுக்கப் போற?" என்று கேட்டு வந்தேன். இரண்டு வருடம் விடாமல் கேட்டேன். தை மாதத்தில் ஒரு நாள், "ஓகே அத்தை" என்றாள். நான் அழுதே விட்டேன். அவளிடம் மட்டும் என் கேள்வியைக் கேட்க மறந்துவிட்டேன். கவுன் அளவைக் கேட்டேன். போனில் சொன்ன அளவை நம்பாமல் நாலு இஞ்சு துணியைக் கூடுதலாக உள்ளே மடித்துவிட்டுத் தைத்தேன்.

முதலில் இறங்கியது நியூ ஜெர்சி. என்னோடு நர்சிங் படித்த ராசிபுரம் மல்லிகா எடிசனில் மகன் வீட்டில் இருக்கிறாள். நேரில் பார்த்துப் பதினொரு வருடம். வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டு, "என்ன புள்ள, எலும்பும் தோலுமா வந்திருக்க!" என்றாள். எழுபத்தெட்டு கிலோ இருக்கிறேன். அன்றைக்கு என்னை அப்படிச் சொல்ல உலகத்தில் ஒருத்தி இருந்தாளே என்று சந்தோஷமாக இருந்தது. அரிசிம்பருப்புச் சோறும் அப்பளமும் வைத்திருந்தாள். இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் மல்லிகா கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தாள். அறுபது வயதுக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டவள். "எங்க போலாம் சொல்லு. ஃப்ரீவே மட்டும் கேக்காத. அதுல நான் ட்ரைவ் பண்ண மாட்டேன்."

பக்கத்தில் எங்காவது பழைய பாப்டிஸ்ட் சபை இருந்தால் பார்க்கலாம் என்றேன். அவள் போனில் தேடி, "அடியே, இங்க முந்நூறு வருசத்துக்கு மேல பழசு ஒண்ணு இருக்கு. கல்லறையோட! நாங்க மளிகை வாங்குற பட்டேல் கடைக்குப் பின்னாடிதான்" என்றாள்.

கால் மணி நேர வழி. எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஊரில் பல இடங்களில் இடது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் முதலில் வலது பக்கம் பிரிந்து, ஜக்குப்பிடி மாதிரி வளைந்து, ரோட்டைக் குறுக்கே கடக்க வேண்டும். மல்லிகா மூன்று தடவை வளைவைத் தவறவிட்டாள். மூன்று தடவையும் அதே பட்டேல் கடை வாசலில் வந்து நின்றோம். கடைசியில் கடையில் இறங்கி ஆளுக்கொரு சமோசா சாப்பிட்டுவிட்டு, காரை அங்கேயே விட்டு நடந்தே போனோம். ஐந்து நிமிடம்தான்.

அங்கே டாரத்தி என்ற எழுபது வயதுப் பெண்மணி இருந்தார். சம்பளம் இல்லாமல் சபையின் பழைய காகிதங்களைப் பார்த்துக்கொள்கிறவர். நான் இந்தியாவிலிருந்து வந்த பாப்டிஸ்ட் என்றதும், மாமா வீட்டு ஆள் வந்ததுபோல் நாற்காலி போட்டார். மல்லிகாவுக்கு அதுவரை நான் எந்த வகைக் கிறிஸ்தவள் என்றே சரியாகத் தெரியாது. நாற்பது வருட சிநேகிதம்!

"இவங்க எப்ப, எங்க ஆரம்பிச்சாங்க, கேளு" என்று என்னை இடித்தாள்.

டாரத்தி சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். நானூறு வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் ராஜாவின் சபையில் சேர மாட்டோம் என்ற ஒரு சின்னக் கூட்டம் ஹாலந்துக்குத் தப்பிப் போனது. அங்கே ரொட்டி சுடும் ஒரு கட்டடத்தில் கூடினார்கள். குழந்தையில் பெற்றோர் கொடுத்த ஞானஸ்நானம் கணக்கில்லை, நாமாக விசுவாசித்து எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஆனால் யார் யாருக்குக் கொடுப்பது? அவர்கள் நம்பும்படி ஏற்கெனவே எடுத்தவர் யாருமில்லை. அவர்களுடைய போதகர் தன் தலையில் தானே தண்ணீரை ஊற்றிக்கொண்டார்.

"ஊற்றிக்கொண்டாரா? முழுகவில்லையா?" என்றேன்.

"இல்லை. முழுகுவதெல்லாம் ஒரு முப்பது வருடம் கழித்து வந்தது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படியென்றால் ஆதியில் நட்டுக்கு வேலையே இல்லை! மல்லிகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டாரத்தி இன்னொன்றும் சொன்னார். தானே ஊற்றிக்கொண்டது சரிதானா என்று அந்தப் போதகருக்குப் பின்னாளில் சந்தேகம் வந்துவிட்டதாம். அவர் கூட்டத்தில் சிலர் அவரை விட்டுப் பிரிந்து இங்கிலாந்துக்கே திரும்பினார்கள். ராஜாவுக்கு மனசாட்சியின்மேல் அதிகாரம் இல்லை என்று எழுதிய அவர்களின் தலைவர் சிறைக்குப் போய் அங்கேயே இறந்தார். 'பாப்டிஸ்ட்' என்பது இவர்கள் வைத்துக்கொண்ட பெயரும் இல்லை. கேலி செய்தவர்கள் வைத்தது, ஒட்டிக்கொண்டது. கடல் தாண்டி வந்த பின்னும், பாப்டிஸ்ட் என்பதற்காகவே வடக்கே அபராதமும் சாட்டையடியும் வாங்கியவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு இந்தப் பக்கம் ஒதுங்க இடம் கிடைத்தது.

எங்கள் ஆரம்பம் இத்தனை சந்தேகத்தோடும் சண்டையோடும் இருந்தது எனக்கு ஏனோ பிடித்துப்போனது. எங்கள் சபைக் கூட்டங்களைப் பார்த்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இருக்காது.

பின்னால் கல்லறைத் தோட்டத்தில் டாரத்தி ஒரு சாய்ந்த கல்லைக் காட்டினார். சபைப் பொறுப்பில் இருந்த ஒரு டீக்கனுடையது. பக்கத்தில் அவர் மகள். "மகள் நாற்பத்தோரு வயதில்தான் வந்து கேட்டாள். சபைப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. அப்பா அதற்குள் போய்விட்டார்" என்றார்.

"டீக்கன் மகளா? நாற்பத்தொன்று வரை என்ன செய்துகொண்டிருந்தாள்?" என்று கேட்டேன். என் வாய் அப்படி.

"காத்திருந்தாள். அவரும் காத்திருந்தார்" என்றார் டாரத்தி.

"பாவம் அந்த அப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த கல்லுக்குப் போய்விட்டேன். எங்கள் வீட்டுப் பெண் பதினைந்திலேயே எடுக்கப் போகிறாள் என்ற கர்வம் அந்த நேரத்தில் எனக்கு இருந்தது.

இரண்டு நாள் கழித்து டெக்சஸ். கிளம்பும் இடத்தில் மறுபடி பையைத் திறந்தார்கள், மறுபடி நட்டுக் கதை. இந்த முறை சோதித்தவர் ஆறடி உயர ஆண். முழுக் கதையும் கேட்டுவிட்டு, "அவளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்" என்றார்.

சாம் வீட்டில் நிலா என்னைவிட ஒரு சாண் உயரமாக வந்து நின்றாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் சொல்வாள். எங்களுக்குள் அது நன்றாகவே ஓடியது. கவுனைப் போட்டுப் பார்த்தாள். மடிப்பைக் கையில் பிடித்து ஆட்டி நட்டுச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்தாள். இவ்வளவும் நீங்களே தைத்தீர்களா என்று கேட்டாள். ராத்திரி ராத்திரியாகத் தைத்தேன் என்று பெருமையடித்துக்கொண்டேன். அவள் சிரிப்பு சட்டென்று நின்றதைக் கவனித்தேன். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கே தமிழ் பாப்டிஸ்ட்காரர்கள் ஞாயிறு மதியம் ஒரு பழைய அமெரிக்க சபையின் கட்டடத்தில் கூடுகிறார்கள். சேலம், ஈரோடு, சென்னை என்று இருபது குடும்பம். பாஸ்டர் டேனியல் வாரநாளில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். ஆராதனை முடிந்து சபைக் கூட்டம், கை தூக்கல், உடனே பின்கட்டில் இருக்கும் தொட்டியில் ஞானஸ்நானம், அதன்பின் பிரியாணி என்று திட்டம். கிருபா, என் தம்பி மனைவி, கேக்குக்கும் சொல்லிவிட்டாள். 'நிலாவின் ஞானஸ்நானம்' என்று நீல எழுத்தில் எழுதி, கூட்டம் தொடங்கும் முன்பே அது சமையலறை மேஜைக்கு வந்துவிட்டது. கை தூக்கும் முன்னால் கேக் சொல்வது எங்கள் ஊரில் நடக்காது. கவுன் தைத்துக் கொண்டுவந்தவள் எந்த வாயால் அதைச் சொல்வது?

என் ஊர் சபை கொடுத்தனுப்பிய அறிமுகக் கடிதத்தை முதலில் வாசித்தார்கள். 'உண்மையுள்ள சகோதரி' என்று அதில் இருந்தது. பிறகு நிலாவை அழைத்தார்கள். ஜீன்ஸும் சட்டையுமாக எழுந்து நின்றாள். கவுன் என் மடியில் இருந்தது.

"ஏன் எடுக்கணும்னு நினைக்கிற, சொல்லும்மா" என்றார் பாஸ்டர்.

அவள் ஆங்கிலத்தில்தான் சொன்னாள். "அத்தை இந்தியாவிலிருந்து வந்திருக்கிறார்கள். அவர்களே தைத்து எடுத்து வந்தார்கள். அவர்களை வருத்தப்படுத்த எனக்கு மனசில்லை."

ஒரு பெரியவர், "அத்தை வரலைன்னு வெச்சுக்கோ. அப்ப?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்து, "இப்போது வேண்டாம் என்றிருப்பேன். வேண்டவே வேண்டாம் என்றில்லை. எனக்கு இன்னும் தெரியவில்லை" என்றாள்.

வழக்கப்படி அவளை வெளியே அனுப்பினார்கள். கதவு மூடியதும் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். "சின்ன பொண்ணு, நெர்வஸ் ஆயிட்டா." "ஆன்ட்டி இவ்ளோ தூரம் வந்திருக்காங்க, பாவம்." "கொடுத்துடலாம் பாஸ்டர், ஃபெய்த் தானா வளரும்." எல்லாம் என் மேல் உள்ள அன்பில் சொன்னது. கிருபா அழுதுகொண்டிருந்தாள். சாம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவமானம், கோபம், ஏமாற்றம், எல்லாம் சேர்ந்து. ஊருக்குப் போய் என்ன சொல்வேன் என்றுகூட நினைத்தேன், பொய் சொல்வானேன்.

விருந்தாளிக்கு ஓட்டு கிடையாது. ஆனால் பாஸ்டர், "ஆன்ட்டி, நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டார். எல்லோரும் திரும்பினார்கள். நான் தலையாட்டினால் போதும், கைகள் எழுந்திருக்கும். அன்று மாலையே அவள் நனைந்திருப்பாள்.

அந்தச் சாய்ந்த கல் நினைவுக்கு வந்தது. அந்த மனிதர் டீக்கன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மகள் இருபதிலேயே தண்ணீரில் இறங்கியிருப்பாள். அவர் சொல்லவில்லை. சொல்லாமலே செத்துப்போனார். பாவம் அந்த அப்பா என்றேனே, அவர் பாவம் இல்லை.

எழுந்தேன். "என் ஊர்ல ஒவ்வொரு பொண்ணுகிட்டயும் ஒரு கேள்வி கேப்பேனுங்க. யாராச்சும் சொல்லி வந்தியா, நீயா வந்தியான்னு. இவகிட்ட மட்டும் கேக்கல. ரெண்டு வருசமா நச்சரிச்சு வர வெச்சது நான்தான். நீங்க கேட்டீங்க, அவ பயப்படாம உள்ளதைச் சொன்னா. கை தூக்காதீங்க" என்றேன். உட்காரும்போது கவுன் நழுவி, நட்டெல்லாம் நாற்காலிக் காலில் பட்டுச் சத்தம் போட்டது.

யாரும் கை தூக்கவில்லை.

வெளியே நிலா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். "கை தூக்கல கண்ணு" என்றேன்.

"என் மேல் கோபமா?" என்று கேட்டாள்.

"கோபம் இருக்கு. உன் மேல இல்ல. என் மேல."

அவள் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். என்னைவிட உயரமான பிள்ளை, குனிந்து வைக்க வேண்டியிருந்தது. பிறகு இருவரும் உள்ளே போய் பிரியாணி சாப்பிட்டோம். கேக்கில் 'ஞானஸ்நானம்' என்ற எழுத்தை நிலாவே கரண்டியால் வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். 'நிலாவின்' என்பது மட்டும் மீதி நின்றது. கூட்டத்தில் கேள்வி கேட்ட பெரியவர் முதல் துண்டை அவளுக்கு வெட்டிக் கொடுத்தார். யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த இருபது குடும்பத்துக்கும் நான் என்றைக்கும் நன்றி சொல்வேன்.

அடுத்த சனிக்கிழமை, மனசு கொஞ்சம் ஆறட்டும் என்று சாம் எங்களை ஹூஸ்டனுக்கு அழைத்துப் போனான். ரோட்டோரமெல்லாம் நீலப் பூக்கள். பாதி வழியில் டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்றில்லை. சாம் போனை வைத்துக்கொண்டு திணறிக்கொண்டிருந்தபோது பெரிய பிக்கப் வண்டி ஒன்று ஓரம் கட்டி நின்றது. தொப்பி போட்ட மனிதர் இறங்கி, சின்ன பம்ப்பை எடுத்து, மாற்று டயரில் காற்றடித்துப் பத்து நிமிடத்தில் மாட்டிக் கொடுத்தார். நன்றி சொல்லிவிட்டு என் வாய் சும்மா இருக்காமல், நீங்களும் பாப்டிஸ்டா என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கத்தில் குத்துமதிப்பாகக் கேட்டாலும் பலிக்கும் போலிருக்கிறது.

"இரண்டு தடவை, அம்மா" என்றார் அவர். "ஏழு வயதில் என் அம்மா வரிசையில் நிற்க வைத்தார். தண்ணீர் சில்லென்று இருந்தது, அவ்வளவுதான் ஞாபகம். நாற்பத்தைந்தில் நானாகப் போய்க் கேட்டேன். அது ஒவ்வொரு நிமிடமும் ஞாபகம் இருக்கிறது."

கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். காரில் நிலா வெகுநேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் என்ற இந்தியக் கடைத்தெருவில் நெய் ரோஸ்ட் சாப்பிட்டோம். சட்னியில் உப்பு கொஞ்சம் தூக்கல். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஊருக்குக் கிளம்பும் அன்று கவுனைப் பையில் வைக்கப் போனேன். "விட்டுட்டுப் போங்க அத்தை" என்றாள், தமிழில். "ஆனா கேக்காதீங்க."

"கேக்க மாட்டேன்" என்றேன். திரும்பி வரும்போது எந்த விமான நிலையத்திலும் என் பையை யாரும் திறக்கவில்லை.

ஏழு மாதம் ஆயிற்று. ஞாயிறு தோறும் போன் செய்கிறேன். பள்ளிக்கூடம், மழை, அவள் ட்ரைவிங் கற்றுக்கொள்வது, மல்லிகாவின் ஜக்குப்பிடி வளைவுகள், எல்லாம் பேசுகிறோம். அதை மட்டும் கேட்பதில்லை. நாக்கு நுனி வரை வரும், விழுங்கிவிடுவேன்.

போன ஞாயிறு, போனை வைக்கப் போகிற நேரத்தில் அவளாகவே, "அத்தை, அந்த ட்ரெஸ்ல கீழ எவ்ளோ துணி உள்ள விட்டிருக்கீங்க?" என்றாள்.

"நாலு இஞ்சு."

"நான் இன்னும் வளந்துட்டேன். பத்துமா?"

"பத்தும் கண்ணு" என்றேன். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன்.